புளிக்காத ரொட்டிகளின் தண்ணீர்க் கணக்கு

சப்பாத்தி வரட்டி மாதிரி ஆகிவிட்டால் பழி முதலில் மாவின் மேல் விழும், அடுத்துக் கல்லின் மேல், கடைசியில் தேய்த்தவர் கையின் மேல். தண்ணீரை யாரும் குறை சொல்வதில்லை. ஈஸ்ட், தயிர்ப் புளிப்பு, சோடா எதுவும் சேராத ரொட்டியில் மென்மை, உப்பல், அடுக்கு மூன்றையும் முடிவு செய்வது தண்ணீர்தான். எவ்வளவு ஊற்றினோம், எந்தச் சூட்டில் ஊற்றினோம், மாவில் எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அடுப்பில் எந்த நேரத்தில் அதை ஆவியாக வெளியே விடுகிறோம் என்ற நான்கு கேள்விகளுக்குள் சப்பாத்தி முதல் பத்திரி வரை அத்தனையும் அடங்கிவிடும்.

இங்கே பேசப்போவது புளிக்க வைக்காத மாவில் தட்டியோ தேய்த்தோ சுடும் ரொட்டிகளைப் பற்றி. நான் ரொட்டி, குல்ச்சா, பட்டூரா மூன்றும் பொங்க வைத்த மாவில் செய்பவை. தோசையும் ஆப்பமும் புளித்த மாவு. அவற்றின் கணக்கு வேறு. சப்பாத்தி, பராத்தா, பரோட்டா, பூரி, போளி, ஜோள ரொட்டி, கம்பு ரொட்டி, அரிசிப் பத்திரி, இலங்கையின் தேங்காய் ரொட்டி எல்லாம் இந்தப் பக்கம்.

பழைய பதிவு ஒன்றும் இங்கே உதவும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் எழுதிய ஆயின்-இ-அக்பரி, அரண்மனை அடுக்களையின் ரொட்டிகளை அளவோடு சொல்கிறது. அடுப்புக்குள் சுடும் பெரிய வகைக்குப் பத்து சேர் (சேர் என்பது பழைய எடை அளவு) மாவு, ஐந்து சேர் பால், ஒன்றரை சேர் நெய். இரும்புத் தகட்டில் சுடும் மெல்லிய வகையில் ஒரு சேர் மாவுக்குப் பதினைந்து அல்லது அதற்கு மேல் வரும். அந்த மெல்லிய வகைகளில் ஒன்றின் பெயர் சப்பாத்தி. சூடாகப் பரிமாறினால் நன்றாக இருக்கும் என்று ஒரு குறிப்பும் உண்டு. அந்தச் ‘சூடாக’ என்ற சொல்லுக்கு வேதியியல் காரணம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

கோதுமை தண்ணீரைப் பிடிக்கும் விதம்

கோதுமை மாவில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற பசையமாகின்றன. இழுத்தால் நீளும் குணத்தைத் தருவது கிளையடின். விட்டால் சுருங்கும் குணத்தைத் தருவது குளூட்டெனின். தேய்த்த சப்பாத்தி பலகையிலேயே மறுபடி சுருங்குகிறது என்றால் இரண்டாவது ஓங்கி நிற்கிறது, மாவு இன்னும் ஓய்வெடுக்கவில்லை என்று பொருள். அந்த இடத்தில் கட்டையை அழுத்திப் பயனில்லை. பத்து நிமிடம் மூடி வைத்தால் தானே இளகும்.

சப்பாத்திக்கு ஏற்ற கோதுமையில் புரதம் ஏறக்குறைய 10 முதல் 12 சதவீதம் இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் சர்பத்தி கோதுமைக்கும், சி 306 என்ற பழைய ரகத்துக்கும் இன்றுவரை சப்பாத்திக்கென்று தனி மதிப்பு இருப்பதற்குச் சுவையும் நிறமும் மட்டும் காரணமில்லை. அந்த மாவு நிறையத் தண்ணீர் குடிக்கும். நம் பக்கம் சம்பா கோதுமை என்று சொல்லும் நீள மணி வேறு இனம், வடக்கே அதற்குக் கப்லி என்று பெயர். அதன் பசையம் பலவீனமானது. ரவைக்கும் பாயசத்துக்கும் அருமையாக இருக்கும் அதை மட்டும் அரைத்துச் சப்பாத்தி போட்டால் ஓரம் வெடிக்கும்.

அரைக்கும் விதமும் தண்ணீர் அளவை மாற்றுகிறது. கல் இயந்திரத்தில் உராய்ந்து அரைபடும்போது மாவுச்சத்து மணிகள் உடைகின்றன. உடைந்த மணி, முழு மணியைவிடப் பல மடங்கு நீரை இழுக்கும். அதனால்தான் மாவு மில்லில் அரைத்த ஆட்டா ஒரு கிண்ணத்துக்கு இவ்வளவு தண்ணீரா என்று கேட்க வைக்கிறது. உருளை இயந்திரத்தில் வரும் மைதா அதைவிடக் குறைந்த பசியோடு நிற்கிறது. ஒரு மாவுக்கு எழுதிய அளவை இன்னொரு மாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம். மில்லில் இருந்து வந்த மாவைச் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்: உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். தாளில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு அடைக்க வேண்டும்.

அளவுக்கு வருவோம். 240 மில்லி கிண்ணத்தில் இரண்டு கிண்ணம் ஆட்டா, எடையில் சுமார் 250 கிராம். அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீர் 160 முதல் 175 மில்லி வரை. முக்கால் பங்கு தண்ணீரை முதலில் ஊற்றிக் கலந்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சேர்த்து, ஆறு முதல் எட்டு நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளிப் பிசைய வேண்டும். பிறகு ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம்.

மென்மை பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பிசைந்து முடித்தவுடன் மாவு கையில் லேசாக ஒட்ட வேண்டும். ஒட்டுகிறதே என்று இன்னும் ஒரு கைப்பிடி மாவைச் சேர்ப்பதுதான் தவறு. ஆட்டாவில் இருக்கும் தவிடு மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். பிசையும்போது அது காய்ந்திருக்கிறது, கூர்மையாக இருக்கிறது, பசைய வலையை அறுக்கிறது. அரை மணி நேரத்தில் ஊறி மெத்தென்றாகி, மேலே ஒட்டிக்கொண்டிருந்த ஈரத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்போது அதே மாவு ஒட்டாது. பிசைந்த உடனே பதமாக இருந்த மாவு அரை மணி கழித்துக் கட்டியாகிவிடும்; அதைத்தான் நாம் அழுத்தித் தேய்த்து, உலர் மாவில் புரட்டி, கடைசியில் வரட்டியாகச் சுட்டெடுக்கிறோம். ஊறியபின் விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் ஓய்வு தேவை. எழும்பவே இல்லையென்றால் தண்ணீர் கூடிவிட்டது.

வெந்நீரில் பிசைவதும் நல்ல வழிதான், ஆனால் எதற்கு என்று தெரிந்து செய்ய வேண்டும். கோதுமையின் மாவுச்சத்து சுமார் 60 டிகிரி செல்சியஸில் வீங்கிக் கூழாகத் தொடங்கும். கொதிநீர் பட்ட பகுதி அப்படி அரைவேக்காடாகிக் கூடுதல் தண்ணீரைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். மதியம் திறக்கப்போகும் டிபன் பாக்ஸுக்கு அது ஏற்றது. ஆனால் அதே சூட்டில் பசையத்தின் ஒரு பகுதி வலுவிழக்கும், மாவு பிசுபிசுக்கும், உப்பலும் குறையும். சுடச்சுடச் சாப்பிடும் புல்காவுக்குச் சாதாரண நீரே மேல். எண்ணெய் இரண்டு டீஸ்பூனுக்கு மேல் போனால் புரதங்களைப் பூசி மூடி இழையவிடாது, சப்பாத்தி மொறுமொறுப்பாகிவிடும். பால் சேர்த்தால் அதன் கொழுப்பால் சற்று மென்மை கூடும், பாலில் இருக்கும் சர்க்கரையால் கல்லில் சீக்கிரம் பொட்டு விழும். தண்ணீர் குறைத்துப் பிசைந்த மாவைப் பாலால் காப்பாற்ற முடியாது.

பிசைந்த மாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் அடுத்த நாள் சாம்பல் நிறம் படரும். தவிட்டில் இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது, வெட்டிய கத்தரிக்காய் கறுப்பது போல. மேலே எண்ணெய் தடவிக் காற்றுப் புகாமல் மூடினால் குறையும். நிறம் மாறினால் கெட்டது என்றில்லை. புளித்த வாடை வந்தால் மட்டும் தூக்கிப் போடலாம்.

கல்லில் நடக்கும் ஒரு நிமிடம்

250 கிராம் மாவில் 35 கிராம் உருண்டை பன்னிரண்டு வரும். ஒவ்வொன்றையும் 16 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்தால் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். வட்டமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தடிமன் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் அழுத்தி ஓரத்தை விட்டுவிட்டால் நடு காய்ந்துபோகும், ஓரம் வேகாது. கட்டையின் அழுத்தம் ஓரத்தில் இருந்தால் சப்பாத்தி தானாகவே சுழலும்.

அந்த 35 கிராம் உருண்டைக்குள் ஏறக்குறைய 14 கிராம் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அரை கிராம் நீர் ஆவியானாலே முக்கால் லிட்டர் தாண்டிவிடும். ஒரு சப்பாத்தி பந்து போல உப்ப அது போதும். ஆகவே உப்பவில்லை என்றால் ஆவி இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை. ஆவி எங்கோ தப்பிக்கிறது, அல்லது மேல்தோல் விரிய மறுக்கிறது.

கல் நன்றாகக் காய வேண்டும். இரண்டு துளி தண்ணீர் தெளித்தால் அப்படியே சொய்யென்று பரவிக் கொதிக்காமல், முத்தாக உருண்டு ஓடி மறையும் சூடு. சப்பாத்தியைப் போட்டதும் 15, 20 நொடியில் மேல்பரப்பின் நிறம் மங்கி, சின்னச் சின்னக் கொப்புளம் எழும். உடனே திருப்ப வேண்டும். முதல் பக்கத்தை இதற்கு மேல் விட்டால் தோல் தடித்து விறைத்துவிடும், பின்னால் விரியாது. இரண்டாவது பக்கம் 30, 40 நொடி. பழுப்புப் பொட்டு பரவும் வரை. இப்போது இரண்டு பக்கமும் வெந்த தோல், நடுவில் இன்னும் வேகாத ஈரமான படலம். இந்த நிலையில் இடுக்கியால் எடுத்து, முதலில் வெந்த பக்கம் தீயைப் பார்க்கும்படி நேரடி நெருப்பில் வைத்தால் ஒரு மூலையில் கிளம்பிய குமிழ் ஊர்ந்து, இன்னொன்றோடு சேர்ந்து, ஓரம் வரை போய் முட்டி, முழுச் சப்பாத்தியும் ஒரே மூச்சில் எழும்பும். உள்ளே மாட்டிய ஆவிதான் அந்த ஈரப் படலத்தை இரண்டாகப் பிளந்து இரண்டு தோலையும் உள்பக்கமிருந்து வேகவைக்கிறது. உப்பிய சப்பாத்தி மென்மையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வெளிச்சூடு பாதி வேலை, ஆவி பாதி வேலை.

கல்லிலேயே உப்ப வைப்பவர்கள் துணியை மடித்து ஓரத்தில் லேசாக ஒற்றி, குமிழை மற்ற பக்கங்களுக்கு நகர்த்த வேண்டும். தட்டைக் கரண்டியை வைத்து நடுவில் அழுத்தினால் தோல் கிழிந்து ஆவி வெளியேறிவிடும். தேய்க்கும்போது விழுந்த மடிப்பு, உலர்ந்த மாவுக் கட்டி, நகம் பட்ட கீறல் மூன்றும் அதே ஓட்டையைத்தான் உண்டாக்குகின்றன. உருண்டையைத் தேய்த்து வரிசையாகத் தட்டில் அடுக்கிவைத்துவிட்டுப் பிறகு சுட்டால் மேல்பரப்பு காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும், அவை உப்பாது. அடுப்பைத் தணித்து நிதானமாகச் சுட்டால் மென்மையாக வரும் என்ற நம்பிக்கையைத்தான் முதலில் விட வேண்டும். மெல்லிய தீயில் இரண்டு நிமிடம் கிடக்கும் சப்பாத்தி தன் தண்ணீரை எல்லாம் விட்டுவிட்டு அப்பளமாகிறது. நல்ல சூடு, குறைந்த நேரம்.

தொட்டுத் தேய்க்கும் மாவை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஒட்டிய உலர் மாவு கல்லில் கருகிக் கசக்கும், பரப்பின் ஈரத்தையும் உறிஞ்சும். தேய்த்த சப்பாத்தியை இரண்டு கைக்கும் மாற்றி மாற்றித் தட்டினால் கூடுதல் மாவு உதிரும்.

பூரியில் இதே ஆவிதான், சூடு மட்டும் எண்ணெய் வழியாக எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வருகிறது. அதனால் மாவு கெட்டியாக இருக்க வேண்டும்: 250 கிராம் ஆட்டாவுக்கு 125, 130 மில்லி தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் ரவை. 20 கிராம் உருண்டை, 10 சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தடிமன். எண்ணெய் 180 டிகிரிக்கு மேல். கிள்ளிப் போட்ட மாவு உடனே மேலே வர வேண்டும், ஆனால் உடனே சிவக்கக் கூடாது. தேய்க்க மாவு தொடாமல் எண்ணெய் தொடுவது, உதிரும் மாவு எண்ணெயில் கருகிப் படியும் என்பதால். இளகிய மாவில் செய்த பூரி எண்ணெய் குடிப்பதற்குக் காரணம் எளிது: தண்ணீர் வெளியேறிய இடத்துக்கெல்லாம் எண்ணெய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வங்காளத்து லுச்சி, மைதாவில் நெய் விட்டுப் பிசைந்து, சிவக்கவிடாமல் வெள்ளையாகவே எடுப்பது.

கொழுப்பு கட்டும் சுவர்

பராத்தாவிலும் பரோட்டாவிலும் ஆவி ஒரே அறையில் அடைபடுவதில்லை, பல அறைகளில் அடைபடுகிறது. அறைகளுக்கு நடுவே சுவர் எழுப்புவது நெய் அல்லது எண்ணெய். மாவு மாவோடு ஒட்டிக்கொள்ளாமல் கொழுப்பு தடுக்க, அந்த இடைவெளியில் ஆவி புகுந்து அடுக்கைத் தூக்குகிறது. முக்கோண மடிப்புப் பராத்தாவில் அறைகள் நான்கைந்து. விசிறி போல மடித்துச் சுருட்டிய லச்சா பராத்தாவில் பத்துப் பதினைந்து. சுருட்டிய பிறகு பத்து நிமிடம் விட்டு, விரலால் தட்டி விரிக்க வேண்டும்; கட்டையை அழுத்தி ஓட்டினால் கட்டிய சுவர் அத்தனையும் இடிந்து மறுபடி ஒரே மாவாகிவிடும்.

தமிழ்நாட்டுக் கடைப் பரோட்டா இந்த முறையின் உச்சம். அரை கிலோ மைதாவுக்கு 270, 280 மில்லி தண்ணீர், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அடித்துப் பிசைந்து, அரை மணி ஊறவிட்டு, 80 கிராம் உருண்டைகள் போட்டு, எண்ணெய் பூசி இன்னும் ஒரு மணி நேரம். இந்த இரண்டாவது ஊறலைச் சுருக்கினால் விசிறும்போது மாவு கிழியும். எண்ணெய் தடவிய கல்மேடையில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வீசும்போது அடியில் இருக்கும் மேடை தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும். அங்கங்கே கிழிந்தால் கவலையில்லை, சுருட்டும்போது மறைந்துவிடும். சுட்ட பிறகு நான்கைந்தை அடுக்கி, சூடு ஆறுவதற்குள் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பது அலங்காரத்துக்குச் செய்வதில்லை. ஆறினால் அடுக்குகள் ஒட்டி இறுகும். சூட்டில் அடித்தால் ஆவி வெளியேறி இழை இழையாகப் பிரியும். விருதுநகர் பக்கத்துப் பொரித்த பரோட்டாவில் எண்ணெய் இன்னும் அதிகம், தண்ணீர் இன்னும் குறைவாக மிஞ்சும், அதனால் அந்த மொறுமொறுப்பு.

பூரணம் வைத்த வகைகளில் கணக்கு தலைகீழாகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் இங்கே பகை. உருளைக்கிழங்குப் பராத்தா கிழிவது பெரும்பாலும் கிழங்கை வெட்டி வேகவைத்ததால். முழுதாகத் தோலோடு வேகவைத்து, முழுக்க ஆறவிட்டு, கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். உப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். உப்பும் வெங்காயமும் முன்கூட்டியே சேர்ந்தால் அரை மணியில் பூரணம் நீர்த்துவிடும். மாவும் பூரணமும் ஒரே அளவு இளக்கமாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். மாவு இறுகி, பூரணம் தளர்ந்திருந்தால் கட்டை ஓடும் பக்கமெல்லாம் பூரணம் முந்திக்கொண்டு பிதுங்கும்.

போளிக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பு. 250 கிராம் மைதாவுக்கு 150, 160 மில்லி தண்ணீர் விட்டு, காது மடல் பதத்துக்குப் பிசைந்து, 50 மில்லி நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். பார்க்கக் கூழ் மாதிரி தோன்றும், சரிதான். கடலைப்பருப்பு 200 கிராமை விரலால் நசுக்கினால் உடையும் வரை மட்டும் வேகவைத்து, ஒரு சொட்டு இல்லாமல் வடித்து, அதே எடை வெல்லத்தோடு கிளற வேண்டும். வெல்லம் உருகியதும் முதலில் தளர்ந்து, பிறகு இறுகி, கரண்டியை நிறுத்தினால் நிற்கும். தளர்ந்த நிலையிலேயே இறக்கினால் கல்லில் பூரணம் கசிந்து கருகும். ஆறிய பிறகும் இளகலாக இருந்தால் மறுபடி அடுப்பேற்றிக் கிளறுவதைத் தவிர வழியில்லை. மாவு உருண்டையைவிடப் பூரண உருண்டை பெரிதாக இருந்தும் கிழியாமல் விரிவது, இரண்டு மணி நேரம் எண்ணெயில் ஊறித் தளர்ந்த பசையத்தால்.

பசையம் இல்லாத மாவுகள்

சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், அரிசி எதிலும் குளூட்டன் இல்லை. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஈர மணல் மாதிரி சேரும், தட்டினால் உடையும். தக்காணத்தின் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டது இந்த ரொட்டிகளைத்தான். பசையம் செய்யும் வேலையைக் கொதிநீரால் செய்துகொண்டார்கள். மாவின் ஒரு பகுதியை வேகவைத்துக் கூழாக்கி, அந்தக் கூழைப் பசையாக வைத்து மீதி மாவைப் பிடிப்பது. எனக்கு இந்தப் பகுதிதான் ரொட்டிக் கலையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. கோதுமையில் பாதி வேலையைத் தானியமே செய்துகொடுக்கிறது, இங்கே முழுவதும் கைத்திறன்.

வட கர்நாடகத்தின் ஜோள ரொட்டியை, மகாராஷ்டிரத்தில் பாக்ரி என்பதை, எடுத்துக்கொள்வோம். மாவு வெள்ளைச் சோளம். அந்தப் பக்கம் பின்பனிப் பருவத்தில் விளையும் மால்தண்டி ரகத்துக்குத்தான் மதிப்பு. மாவும் தண்ணீரும் ஏறக்குறைய சம எடை. 150 கிராம் மாவைத் தட்டில் கொட்டி நடுவில் குழி செய்து, தளதளவென்று கொதிக்கும் உப்புத் தண்ணீர் 150 மில்லி ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பிசைய ஆரம்பிக்க வேண்டும், ஆறிய பிறகு பிசைந்தால் கூழ் இறுகிக் கட்டி தட்டும். முதல் இரண்டு நிமிடம் மாவு உதிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துத் தள்ள, திடீரென்று ஒரு கட்டத்தில் வழவழப்பாகி ஒன்றாகச் சேரும். அதுதான் பதம். உருண்டையை அழுத்திப் பார்த்தால் ஓரம் வெடிக்கக் கூடாது. வெடித்தால் வெந்நீர் தொட்டு இன்னும் பிசைய வேண்டும்.

பலகையில் மாவு தூவி, ஒரு கையால் தட்ட, மறு கையால் ஓரத்தைச் சுற்றி அணைத்துப் பிடிக்க, வட்டம் சுழன்றுகொண்டே பெரிதாகும். கல்லில் போடும்போது மாவு ஒட்டிய பக்கம் மேலே இருக்க வேண்டும். போட்ட உடனே, விரலாலோ ஈரத்துணியாலோ அந்த மேல்பக்கம் முழுவதும் தண்ணீர் பூச வேண்டும். இந்தத் தண்ணீர்ப் பூச்சைப் பார்த்துவிட்டுச் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மேலே ஒட்டிய உலர் மாவு அந்த நீரில் கரைந்து, கல் சூட்டில் கூழாகி, மெல்லிய தோலாக மூடுகிறது, வெடிப்புகள் அடைபடுகின்றன. பசையம் கொடுக்காத மேல்தோலைத் தண்ணீர் கொடுக்கிறது. பூசிய ஈரம் மங்கி, ஆனால் முழுக்கக் காய்வதற்குள் திருப்ப வேண்டும். முன்னாலே திருப்பினால் கல்லில் ஒட்டிக் கிழியும், பின்னாலே திருப்பினால் தோல் காய்ந்து விரிசல் விடும். சரியான நொடியில் திருப்பிய சோள ரொட்டி, தணலில் காட்டினால், சப்பாத்தியைப் போலவே முழுசாக உப்பும்.

கம்பு மாவில் முறை இதேதான், சிக்கல் மாவின் வயதில். கம்பில் கொழுப்பு 5 சதவீதம் அளவுக்கு உண்டு. அரைத்ததும் நொதிகள் அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கும், சில வாரத்தில் மாவு கசக்கும். கம்பு ரொட்டி கசக்கிறது என்று தானியத்தைக் குறை சொல்லும் பலர் சாப்பிட்டது பழைய மாவை. இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சாபின் மக்காச்சோள ரொட்டி இவற்றில் மிக முரண்டு பிடிப்பது. சூடான நீரில் ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் அவ்வப்போது பிசைந்து, சற்றுத் தடியாகத் தட்ட வேண்டும். மொத்தமாகப் பிசைந்து வைத்தால் கடைசி ரொட்டி வருவதற்குள் மாவு உலர்ந்து வெடிக்கும்.

அரிசியில் இரண்டு வழிகள். மலபார்ப் பத்திரிக்கு நைசாக அரைத்து வறுத்த அரிசி மாவு; ஒரு கிண்ணம் மாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கிண்ணம் தண்ணீர். உப்போடு கொதிக்கும் தண்ணீரிலேயே மாவைக் கொட்டிக் கிளறி, தீயை அணைத்து மூடி, சூட்டோடு பிசைவது. எண்ணெய் இல்லாமல் சுட்டு, நிறம் மாறாமல் எடுத்து, தேங்காய்ப் பாலில் தோய்த்துப் பரிமாறுவார்கள். குடகுப் பக்கம் மாவோடு மிஞ்சிய சோற்றை மசித்துப் பிசைகிறார்கள். சோறு ஏற்கெனவே வெந்த மாவுச்சத்து, ஆகவே அதுவே பசை. தனியாகக் கூழ் காய்ச்ச வேண்டியதில்லை. நம் கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்வதால் இன்னொரு தந்திரம் தேவைப்படுகிறது: வாழை இலையில் எண்ணெய் தடவிக் கனமாகத் தட்டி, நடுவில் துளையிட்டு, மூடி போட்டு வேகவைப்பது. மூடியின் கீழே சுற்றும் ஆவிதான் மேல்பக்கத்தை உலரவிடாமல் வேகவைக்கிறது.

கோதுமையோடு சிறுதானியம் கலக்கும்போது நான்கில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் பசைய வலை இடைவெளி விட்டுக் கிழியும். கூடுதலாக வேண்டுமென்றால் அந்தச் சிறுதானிய மாவை மட்டும் தனியாகக் கொதிநீரில் ஊறவைத்து, ஆறிய பின் கோதுமையோடு சேர்க்கலாம்.

இலங்கையின் தேங்காய் ரொட்டி இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே கோதுமை மா என்றால் பெரும்பாலும் நாம் மைதா என்று சொல்லும் வெள்ளை மாவு. 250 கிராம் மாவு, 100 கிராம் தேங்காய்த் துருவல், முக்கால் டீஸ்பூன் உப்பு. தேங்காயின் ஈரத்தையும் கணக்கில் எடுத்து 110, 120 மில்லி தண்ணீர். தேங்காய்க் கொழுப்பும் துருவலும் பசையத்தை நீள இழையவிடாமல் துண்டாக்குகின்றன. அதனால் மெலிதாகத் தேய்த்தால் கிழியும், உப்பவும் செய்யாது. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தடிமனில் கையால் தட்டி, சப்பாத்திக்கு நேர்மாறாக, மிதமான தீயில் நின்று வேகவைக்க வேண்டும். அதிகம் பிசையவும் கூடாது. மாவு சேர்ந்ததும் நிறுத்திவிட்டால்தான் பிட்டால் உதிரும் அந்தப் பதம் வரும். கட்டச் சம்பல் என்ற காரமான மிளகாய்ச் சம்பலோடு சாப்பிட அதுதான் பொருத்தம். அங்கே குரக்கன் என்று சொல்லும் கேழ்வரகு மாவிலும் இதே ரொட்டி உண்டு.

ஆறிய பிறகு

சூடாகச் சாப்பிட வேண்டும் என்று முகலாயக் காலக் குறிப்பு சொன்னதன் காரணத்துக்கு வருவோம். சூட்டில் தண்ணீரோடு சேர்ந்து வீங்கிய மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி நெருங்கி அடுக்காகக் கட்டிக்கொள்ளும். பிடித்திருந்த தண்ணீரை வெளியே தள்ளும். ரொட்டி உலராமல் இருந்தாலும் விறைப்பது இதனால்தான். மூடிய டப்பாவுக்குள் வியர்த்திருக்கும், ஆனால் சப்பாத்தி கெட்டியாக இருக்கும். மூடியில் தொங்குவது சூட்டில் கிளம்பிய ஆவி.

இந்த இறுகல் குளிர்பெட்டியின் சூட்டுநிலையில்தான் மிக வேகமாக நடக்கும். ஆகவே மிஞ்சியதை அங்கே வைப்பதைவிட, அன்றே தீர்ந்துவிடும் என்றால் வெளியே துணியில் சுற்றி வைப்பது மேல். நாட்கணக்கில் வேண்டுமென்றால் உறைபெட்டி. நடுவில் தாள் வைத்து அடுக்கி உறையவிட்டால் இறுகல் கிட்டத்தட்ட நின்றுவிடும். எடுத்தவுடன் உருகவிடாமல் நேரே காய்ந்த கல்லில் போட்டால் புதிதுபோல வரும். விறைத்த சப்பாத்தியும் ஒருமுறை மீளும்: இரண்டு பக்கமும் ஈரக்கையால் தடவி, சூடான கல்லில் இருபது நொடி. 60, 70 டிகிரியைத் தாண்டியதும் கட்டிக்கொண்ட மாவுச்சத்து மறுபடி தளரும். ஆறினால் முன்னைவிட விறைக்கும், அதனால் தட்டில் விழுந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும்.

சுட்டவுடன் அடுக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நேராக டப்பாவில் போட்டால் அடியில் உள்ளவை நனைந்து பிசுபிசுக்கும். வெளியே விட்டால் ஓரம் காயும். பத்து நொடி தட்டில் ஆவி போகவிட்டு, பருத்தித் துணி விரித்த டப்பாவில் அடுக்கி, துணியை மேலே மடித்து மூடினால் கூடுதல் ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். நெய் தடவினால் மேல்பரப்பின் ஈரம் போகாது.

சோள ரொட்டியை இந்த வழிகள் எதுவும் அதிக நேரம் காக்காது, இரண்டு மணி நேரத்தில் விறைத்துவிடும். வட கர்நாடகத்தில் அதற்கு நேரெதிரான வழியைப் பிடித்தார்கள். மிக மெல்லிசாகத் தட்டி, சுட்ட ரொட்டியை மேலும் தீயோரம் நிறுத்தி, இருக்கும் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி, அப்பளம்போல மொடமொடவென்று ஆக்கிவிடுவார்கள். கடக் ரொட்டி என்று பெயர். தண்ணீரே இல்லாததால் விறைக்கவும் வழியில்லை, பூஞ்சை பிடிக்கவும் வழியில்லை. துணியில் கட்டி வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். சாப்பிடும் நேரத்தில் உடைத்துத் தயிரிலோ பருப்புக் குழம்பிலோ போட்டு, இரண்டு நிமிடம் ஊறவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.